பட்ஜெட் ரிசீவர் வாங்கிய அனுபவம்: இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதைச் சொல்லுங்கள்

தாம்பரம் மாடி

டிவி, பாட்டுச் சத்தத்தைப் பெருக்கிப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்து அனுப்பும் ரிசீவர்களில் முப்பத்தைந்தாயிரத்துக்குள் எது நல்லது என்று இங்கே ஏற்கெனவே ஏகப்பட்ட திரிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் போனேன். படித்தும் கோட்டை விட்டேன்.

ரிச்சி தெருவில் ஒரு கடை. 5.1 கேட்டேன், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபரும் ஓட்டுவது. "இன்னும் நாலாயிரம் போட்டா 7.2 வருது சார், ஸ்பீக்கரை அப்புறம் ஒண்ணொண்ணா சேத்துக்கலாம்" என்றார். சென்டர் ஸ்பீக்கருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம் ரிசீவருக்குப் போயிற்று. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஒரு சப்வூஃபர். பொருத்த வந்த பையன் பதினைந்து நிமிடத்தில் மாட்டி, ஒரு சண்டைக்காட்சியை அலற விட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். அறைக்கு ஏற்ப ஸ்பீக்கர்களை அளவெடுக்க ரிசீவரோடு வந்த மைக் உறையை விட்டு வெளியே வரவே இல்லை.

நான் இரவில் பாட்டு மட்டும்தான் கேட்பேன், அதுவும் ஸ்டீரியோவில். பகலில் அப்பா படம் பார்ப்பார். மூன்றாம் நாளே, "பேசுறது ஒண்ணும் கேக்கலடா" என்றார். சத்தத்தைக் கூட்டி வைங்கப்பா என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனேன்.

அடுத்த வாரம் தங்கையிடமிருந்து போன். "அப்பாவை காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சின்ன ரூமுக்குள்ள ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுத்தாங்க. வயசுக்கு நல்லாவே இருக்குன்னுட்டாங்க. ஆனா அங்க டிவி மட்டும் கேக்கலங்கிறார், என்னன்னு பாரு."

அன்று சாயங்காலம் அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அவர் வைக்கிற மாதிரியே ஒரு படத்தை வைத்தேன். மழை பெய்கிறது. கதவு சாத்துகிற சத்தம் வருகிறது. வயலின் இழைகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாயை அசைக்கிறார்கள், பேச்சை மட்டும் காணோம். வீட்டில் இல்லாத சென்டர் ஸ்பீக்கருக்கு ரிசீவர் அத்தனை வசனத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தது. மெனுவுக்குள் போய் சென்டர் 'இல்லை' என்று மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. குரல் முன் ஸ்பீக்கர் இரண்டிலும் பிரிந்து வந்து, சரியாக நடுவில் நின்றது.

காது டெஸ்ட் ரிப்போர்ட்டை ரிமோட் வைக்கிற டிராயரில் அடியில் மடித்து வைத்திருந்தார். என்னிடம் காட்டவில்லை.

ஈரோடு ஸ்பீக்கர்

கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, பொருத்த வந்த பையன் பார்த்திருக்க வேண்டும். சரி, என் கதை.

கம்பெனி ரிசீவர் எதற்கு, அசெம்பிள் செட்டே போதும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். பக்கத்து ஊரில் ஒருவர் செய்து கொடுத்தார், பதினோராயிரம். முகப்பில் 1000 வாட் ஸ்டிக்கர், பாட்டுக்கு ஆடும் நீல எல்இடி, யுஎஸ்பி, புளூடூத் எல்லாம் உண்டு. ஒரு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்ததால் மேல்மூடியைக் கழற்றினேன்.

உள்ளே ஒரே ஹீட்சிங்க்கில் மூன்று ஐசி. மூன்றும் 4440. இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஒன்றுக்கு இரண்டு சேனல், சேனலுக்கு 6 வாட். ஆறு சேனலுக்கும் கூட்டினால் 36. டிரான்ஸ்பார்மரில் 12-0-12, 5 ஆம்ப் என்று எழுதியிருந்தது. எந்தக் கணக்குப் போட்டாலும் 120-ஐத் தாண்டாது. ஸ்டிக்கரில் 1000.

அந்த 36 வாட்டை வைத்துத்தான் பொங்கலுக்குத் தெருவே ஆடியது. ஒருவர்கூட சத்தம் பத்தவில்லை என்று சொல்லவில்லை. நான்தான் மூடியைத் திறந்ததிலிருந்து சத்தம் குறைந்துவிட்ட மாதிரியே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரைச்சலுக்குக் காரணம் ஆம்பியே இல்லை. கேபிள் டிவி வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து பிடுங்கியதும் நின்றுவிட்டது. அந்த வயர் வழியாகத்தான் எர்த் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து வருகிற இரைச்சல். சும்மா இருந்திருக்கலாம்.

பழைய ஆம்பி

என் அனுபவம் சின்னது. நான்கு மாதம் பின் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஸ்பீக்கரை இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் டிவியில் டிஜிட்டல் ஆடியோ 'பிசிஎம்' என்று இருந்தது. டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்கு இறக்கும் ஏஆர்சி வழியாக பிசிஎம் போனால் இரண்டு சேனல்தான் போகும். 'ஆட்டோ' என்று மாற்றினேன், ஆறும் வந்தது.

ஈரோடு தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாட் விஷயத்தில் கம்பெனிக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. அட்டைப்பெட்டியில் 135 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரே ஒரு சேனலை மட்டும், ஒரே ஒரு சுருதியில், பத்து சதவீதம் கரகரப்பு வரும்வரை முறுக்கி எடுத்த அளவு. அதே ரிசீவரின் கையேட்டில் பின்பக்கத்தில் இன்னொரு வரி இருக்கும்: இரண்டு சேனல் ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, கரகரப்பு 0.09 சதவீதத்துக்குள், 70 வாட். அந்த வரியை மட்டும் படித்தால் போதும். ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடினால் அதுவும் குறையும். ஆனால் 70-க்கும் 100-க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் காதுக்கு ஒன்றரை டெசிபெல். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல்தான் ஏறும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு வாட்டை வைத்து ரிசீவர் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. ரிசீவரில் மிச்சம் பிடித்து ஸ்பீக்கரில் போடுங்கள்.

அப்புறம் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். விலை குறைந்தவற்றில் முன் ஸ்பீக்கர் இரண்டுக்கு மட்டும் திருகு முனை இருக்கும், மற்றதெல்லாம் அழுத்திச் செருகும் கிளிப்பாக இருக்கும். அதில் தடித்த வயர் நுழையாது. 16 கேஜ் போதும். நம்பர் குறையக் குறைய வயர் தடிமன் என்பதை மறந்து, பெரிய நம்பர்தான் உசத்தி என்று 22 வாங்கி வந்தவரை எனக்குத் தெரியும். வயரைச் சீவிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. சிவப்பு, கறுப்பு மாறக்கூடாது. ஒரு பக்கம் மாறினாலும் பேஸ் எங்கே போயிற்று என்றே தெரியாது. ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்றே வையுங்கள், ஸ்பீக்கர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். மைக்கை வைத்து ஒருமுறை அளவெடுங்கள். டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, சோனியில் டிசிஏசி, பெயர்தான் வேறு. ஆனால் அடிமட்ட மாடல் சிலவற்றில் மைக்கே வராது, கேட்டு வாங்குங்கள். பத்து நிமிட வேலை.

வடக்குமாசி

பத்து நிமிட வேலையாம்! பழைய ஆம்பி ஐயா ஒருமுறை மதுரைக்கு மே மாதம் வந்து செய்து காட்ட வேண்டும்.

மத்தியானம் மூன்று மணி. மைக்கை ஸ்டூலின் மேல் புத்தகங்களை அடுக்கி, காது உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆரம்பித்ததும் 'சுற்றுப்புறச் சத்தம் அதிகம்' என்று நின்றது. மின்விசிறி. அதை நிறுத்தினேன். மறுபடியும் நின்றது. பிரிட்ஜ். பிளக்கைப் பிடுங்கினேன். முன் ஸ்பீக்கர் இரண்டும் முடிந்து சென்டருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். மறுபடி முதலிலிருந்து. ஜன்னலைச் சாத்தினோம். வீட்டில் நாலு பேரும் மூச்சு விடாமல் சுவரோரமாக நிற்கிறோம், வேர்வை சொட்டுகிறது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார், வளையல் சத்தம் கேட்டு நான் திரும்பி முறைத்தேன். அந்த முறைப்பைத்தான் இன்னும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கடைசியில் முடிந்தது. சப்வூஃபர் 6.8 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டியது. எங்கள் ஹாலே நாலு மீட்டர்தான். இயந்திரத்துக்குப் பைத்தியம் என்று 3 என்று திருத்தினேன். பேஸ் மொத்தமும் கொழகொழ என்று ஆகிவிட்டது. சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட்டில் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்து அது தூரமாகக் கணக்குப் போடுகிறது என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இதையும் அந்த நீளமான பதிவில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பழைய ஆம்பி

தம்பி, இரவு பதினொரு மணிக்குச் செய்திருக்கலாமே.

வடக்குமாசி

பதினொரு மணிக்கு ஹாலில் தாத்தா தூங்குவார் ஐயா.

பாளை அக்கா

எனக்கு டெக்னிக்கலாக எதுவும் தெரியாது. ஆனால் இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், எங்கள் வீட்டில் சொல்ல முடியாது.

என் கொழுந்தன் அமெரிக்காவில் இருக்கிறார். ஊரில் விலை அதிகம் என்று சொல்லி, அங்கே தள்ளுபடியில் வாங்கிய ரிசீவரைத் துணிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தார். ஒன்பது கிலோவாம். அதற்காகத் தன் சட்டைகளையே பாதி விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் ஊருக்குத் திரும்பிய மறுநாள் இவர் பின்னை மாற்றி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம், பட்டாசுகூட இல்லை, நெற்று வெடிக்குமே அந்த மாதிரி. அப்புறம் கருகிய வாடை. திருப்பிப் பார்த்தால் வயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, ஏசி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

மெக்கானிக் பார்த்துவிட்டு டிரான்ஸ்பார்மரே போய்விட்டது, அந்த மாடலுக்குக் கிடைக்காது என்றார்.

மூன்று வருடமாக அது டிவிக்குக் கீழே துடைத்து வைத்தபடி இருக்கிறது. கொழுந்தன் வாரா வாரம் வீடியோ காலில் வருவார். "மதினி, செட் எப்படிப் பாடுது?" என்பார். "நல்லாப் பாடுது" என்பேன். போன தடவை, "எங்க, ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுங்க" என்றார். கரண்ட் இல்லை என்றேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

பழைய ஆம்பி

தங்கச்சி, 230-லிருந்து 120-க்கு இறக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர், 500 விஏ வாங்கி முதலிலேயே மாட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. சிங்கப்பூர், துபாய் செட்டுக்கு இது தேவைப்படாது, அங்கேயும் நம்மைப் போலத்தான். அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும்தான் கவனம் வேண்டும். ஜப்பானில் 100.

பாளை அக்கா

இப்போது தெரிந்து என்ன அண்ணாச்சி செய்ய.

சந்தைக்காரன்

புதுசு வாங்கத்தான் இத்தனை பாடு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு ஜப்பான் கம்பெனி ரிசீவர் எடுத்தேன், ஆறேழு கிலோ கனமான டப்பா அல்ல, பன்னிரண்டு கிலோ. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திறந்து பார்க்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று திறந்தேன். பவர் போர்டின் மேல் ஒரு பல்லி, அப்பளம் மாதிரி காய்ந்து, இரண்டு கால் இந்தப் பக்கம் ஒரு முனையில், இரண்டு கால் அந்தப் பக்கம் இன்னொரு முனையில். பியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். ஐஸ் குச்சியால் பல்லியை எடுத்தேன், பியூஸை மாற்றினேன். பத்து வருடத்துக்கு முந்தைய அந்த டிரான்ஸ்பார்மர் இன்றைய முப்பதாயிரம் ரூபாய் ரிசீவரில் கிடையாது.

4கே படம் அதன் வழியாகப் போகாது, எச்டிசிபி 2.2 என்கிற நகல் தடுப்புப் பூட்டு இல்லாததால் திரை கறுப்பாகிவிடும் என்று இங்கே யாராவது கிளம்புவீர்கள். போகாதுதான். நான் எல்லாவற்றையும் டிவியில் நேராகச் செருகிவிட்டு, டிவியிலிருந்து ஏஆர்சியில் சத்தத்தை மட்டும் இறக்குகிறேன். ஏஆர்சி 2009-லேயே எச்டிஎம்ஐ 1.4-இல் வந்தாயிற்று. ஓடிடி படங்களுக்கு அது தாராளம். புளூரே சத்தத்தைச் சுருக்காமல் கடத்தும் ஈஏஆர்சி இருந்தால்தான் ஆச்சு என்று முதலில் பதிவு போடுகிறவர்களில் எத்தனை பேரிடம் புளூரே பிளேயர் இருக்கிறது?

ரிமோட் கிடைக்கவில்லை. அதில் மெனுவே ரிமோட்டில்தான் திறக்கும். இன்ஃப்ராரெட் உள்ள பழைய ஷியோமி போனை அதற்காகவே சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பல்லியைத்தான் மறக்க முடியவில்லை. அது தொட்ட நிமிடத்தில் யாரோ வீட்டில் பாட்டு நின்றிருக்கும், பழுது என்று எடைக்குப் போட்டிருப்பார்கள்.

தாம்பரம் மாடி

எல்லாருக்கும் நன்றி. சென்டர் ஸ்பீக்கர் போன சனிக்கிழமை வாங்கியாயிற்று, ஆறாயிரத்துக்குள் முடிந்தது. மெனுவில் 'இல்லை'யை மறுபடி 'ஸ்மால்' ஆக்கினேன். மைக்கை இரவு வைத்து அளவெடுத்தேன், மூன்றாம் தடவைதான் முடிந்தது, நாய். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கொஞ்சம் குறைடா, கத்துறான்" என்றார்.

சந்தைக்காரன், எந்தப் பக்கம் கடை அது? ரயில்வே கேட் பக்கமா?

சந்தைக்காரன்

அதைச் சொல்ல மாட்டேன். @பாளை அக்கா, அந்த 120 வோல்ட் செட்டை அப்படியே கொடுக்கிறீர்களா? டிரான்ஸ்பார்மரைச் சுற்றித் தரும் ஆள் ஒருவர் எனக்குத் தெரியும். நல்ல விலை தருகிறேன்.

பாளை அக்கா

கொழுந்தன் தீபாவளிக்கு வருகிறார் தம்பி. அதற்கு முன்னால் அந்த ஆளிடம் சரிபண்ண முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். விலைக்கு இல்லை.