மலிவு நாய் உணவு மூட்டையிலிருந்து விலை கூடிய மூட்டைக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வந்த கதை

நாங்கள் பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டில் இருப்பது கருப்பன், தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய், நாலு வயது, 20 கிலோ, குடும்பக் கட்டுப்பாடு ஆனவன். முதல் இரண்டு வருஷம் அம்மா போட்ட கோழிக்கால் சாதமும் தயிர்சாதமும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, நாய்க்கென்று தனியாக உலை வைக்க முடியாமல் போன பிறகுதான் டிரை ஃபுட், அதாவது மூட்டையில் வரும் உலர் உணவுப் பக்கம் வந்தோம். அம்மா இன்றுவரை அதை பிஸ்கட் என்றுதான் சொல்கிறார்.

முதலில் வாங்கியது கிலோ 210 ரூபாய் மூட்டை. நன்றாகத்தான் சாப்பிட்டான், ஆனால் நாளைக்கு மூன்று தடவை ஆய், அதுவும் அள்ள முடியாத பதத்தில். கூடவே வாலடியில் ஓயாமல் கடித்துச் சொறிந்துகொண்டே இருந்தான். கடைக்காரரிடம் சொன்னதும் "சார், அது சீப் ஃபுட் அலர்ஜி, பிரீமியம் போடுங்க" என்று 640 ரூபாய் மூட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். பிள்ளை சொறிகிறதே என்ற கவலையில் வாங்கி வந்து அன்று ராத்திரியே தட்டை மாற்றிவிட்டேன். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. பழையதோடு புதியதைக் கால் பங்கு, அரை, முக்கால் என்று கூட்டி ஏழெட்டு நாளில் மெதுவாக மாற்றியிருக்க வேண்டும், அது மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

சரி, வயிறு தேறியது, ஆய் கெட்டியாகி அளவும் பாதியாகக் குறைந்தது, இதை மறுக்க மாட்டேன். ஆனால் சொறி நிற்கவே இல்லை. கடைசியில் ஹெப்பாள் பக்கம் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் நெருக்கப் பல் சீப்பால் வாலடி முடியை வாரினார், மிளகுத்தூள் மாதிரி கருப்பாகக் கொஞ்சம் விழுந்தது, அதை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்தினார். பஞ்சு செம்மண் நிறமாகக் கரைந்தது. அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது அது குடித்துச் செரித்த ரத்தம். மாதம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், இரண்டாவது மாதமே சொறி நின்றுவிட்டது. சாப்பாட்டு அலர்ஜி இல்லாமல் இல்லை, மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை எல்லாம் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது, ஆனால் அதைக் கண்டுபிடிக்க எட்டு வாரமாவது அது இதுவரை சாப்பிடாத ஒரே வகைப் புரதம் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர், மூட்டையின் விலையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாதாம்.

அதே நாளில் இன்னொரு குட்டும் வாங்கினேன். எடை மெஷினில் 23 கிலோ. நாலு மாதத்தில் மூன்று கிலோ! காரணம் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர். மலிவு மூட்டைக்கு நாளைக்கு மூன்றரை டம்ளர் அளந்து போட்ட பழக்கத்தில் விலை கூடியதற்கும் அதே மூன்றரை. முதலாவதில் 100 கிராமுக்கு சுமார் 320 கலோரி, இரண்டாவதில் 400. நாய்க்கு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்ற கணக்கு இப்படி: நாயின் எடையை மூன்று முறை பெருக்குங்கள் (20×20×20 = 8000), கால்குலேட்டரில் இரண்டு முறை வர்க்கமூலம் அழுத்துங்கள், 9.46 வரும், அதை 70 ஆல் பெருக்கினால் 662. குடும்பக் கட்டுப்பாடு ஆன வளர்ந்த நாய்க்கு அதில் 1.6 மடங்கு, கிட்டத்தட்ட 1,060 கலோரி. அப்படியானால் மலிவானதில் 330 கிராம், மற்றதில் 265 கிராம் போதும். நாள் கணக்கில் 69 ரூபாய்க்கும் 170 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். கிலோ விலையில் மூன்று மடங்கு, தட்டில் இரண்டரை மடங்கு. "குறைவாகத்தான் சாப்பிடும், கணக்குப் பார்த்தால் ஒரே செலவு" என்று கடையில் சொல்வது பாதி உண்மை.

பிரீமியம் என்ற வார்த்தைக்கு மயங்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போட மாட்டார்கள், நாமே கழிக்க வேண்டும். நூற்றுக்குப் புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12, சாம்பல் (தாது உப்புகள்) ஒரு 8 என்றால் மீதி 45 மாவுச்சத்து. கால்நடை, நாய் உணவுகளுக்கு அளவு வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின்படி ஈரத்தைக் கழித்து வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம் புரதம் இருந்தால் போதும், என் 210 ரூபாய் மூட்டையே அதைத் தாண்டியது. பெடிக்ரியும் ராயல் கேனினும் ஒரே மார்ஸ் கம்பெனியுடையவை என்பது எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

*

ஜாலஹள்ளியிலிருந்து:
நீங்கள் சொல்வது வளர்ந்த நாட்டு நாய்க்குச் சரி. எங்களுடையது லேப்ரடார், குட்டியில் விலை பார்த்துப் பொதுவான மூட்டை வாங்கினோம், எலும்பு பலமாகட்டும் என்று மேலே கால்சியம் டானிக் வேறு. டாக்டர் பார்த்ததும் திட்டினார். பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாதாம், எலும்பு கோணலாகிவிடும். வளர்ந்தால் 32 கிலோவுக்கு மேல் போகும் இனம் என்றால் பெரிய இனக் குட்டிகளுக்கு ஏற்றது என்று மூட்டையில் இருக்கிறதா பாருங்கள். இந்த ஒரு வருஷம் மட்டும் நான் காசு பார்க்க மாட்டேன்.

விவேக் நகரிலிருந்து:
நான் தெருவில் எட்டு நாய்களுக்குப் போடுகிறேன், எனக்கு மலிவுதான் கட்டுபடியாகும். ஆனால் லூஸில் வாங்காதீர்கள். ஒரு தடவை கடையில் திறந்து வைத்திருந்த சாக்கிலிருந்து ஐந்து கிலோ அள்ளி வந்தேன், வீட்டில் முகர்ந்தால் ஒரு வாரம் ஆன பஜ்ஜி எண்ணெய் வாசம். வேகவைத்து உலர்த்திய பிறகு மேலே கொழுப்பைத் தெளிப்பார்கள், காற்றும் வெளிச்சமும் பட்டால் அதுதான் முதலில் காறிப்போகும். தெரு நாய்களே முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன, யோசித்துப் பாருங்கள். இப்போது மூட்டையோடு அப்படியே மூடி போட்ட டின்னில் இறக்கி வைக்கிறேன், டின்னுக்குள் கொட்டுவதில்லை. இங்கே மழைக்காலத்தில் எறும்பும் நமுப்பும் பெரிய தொல்லை.

இந்திராநகரிலிருந்து:
கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை நாயோடு வரும் பாதிப் பேர் தானியமே இல்லாத சாப்பாடுதான் உசத்தி என்கிறார்கள். நானும் கிலோ ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ஆறு மாதம் போட்டேன். அப்புறம்தான் படித்தேன், பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த அந்த வகை உணவுகளுக்கும் நாய்களின் இதய வீக்க நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் விசாரிக்க ஆரம்பித்ததாம். இன்றுவரை காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை. நான் பயந்து நிறுத்திவிட்டேன், பணமும் மிச்சம். நீங்கள் இப்போது என்ன போடுகிறீர்கள், அதைச் சொல்லவே இல்லையே?

*

அல்சூர், மறுபடி நான்:
நடுத்தரம். கிலோ 380, 100 கிராமுக்கு 360 கலோரி, நாளைக்கு 290 கிராம், சுமார் 110 ரூபாய். ஆய் இரண்டு தடவை, அள்ளுகிற பதம். எடை 21க்கு வந்திருக்கிறான். லூஸ் விஷயம் நல்ல வேளை சொன்னீர்கள், எங்கள் தெருக் கடையிலும் அப்படி ஒரு சாக்கு திறந்தே கிடக்கிறது. ஜாலஹள்ளிக்காரர் சொன்னதும் நியாயம், குட்டிக்கு நான் எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சமையலறைத் தராசில் நிறுத்து, டம்ளருக்குள் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மதியம் அம்மா கையால் இரண்டு உருண்டை தயிர்சாதம் தனி, அதற்காக ராத்திரி டம்ளரில் கொஞ்சம் குறைக்கிறேன். அம்மா அந்தக் கோட்டுக்கு மேலே நாலு பிஸ்கட் போடுகிறார் என்று சந்தேகம், இன்னும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை.