உதவி தேவை: 'தி வாய்ஸ்' செயலியில் எல்லாமே ஒரே இரைச்சலாகக் கேட்கிறது

கேள்வி கேட்டவர்:
வணக்கம். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயால் 19 வயதில் எனக்குப் பார்வை போனது. இப்போது வயது 33, வெளிச்சம்கூடத் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத்தான் ஆண்ட்ராய்டு போன் பயன்படுத்துகிறேன். கேமரா பார்ப்பதை ஒலியாக மாற்றித் தரும் 'தி வாய்ஸ்' செயலியைப் போன வாரம் இறக்கினேன். படத்தை இடமிருந்து வலமாக வருடும், மேலே இருப்பது கீச்சுக்குரலாகவும் கீழே இருப்பது தடித்த குரலாகவும் கேட்கும், வெளிச்சமானது சத்தமாக ஒலிக்கும் என்று படித்திருக்கிறேன்.

எனக்குக் கேட்பதோ ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி 'உஸ்ஸ்' என்ற சத்தம்தான். ஹாலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மேசையில் எவர்சில்வர் டம்ளர் வைத்துப் பார்த்தேன். டம்ளரை எடுத்தாலும் வைத்தாலும் ஒரே சத்தம். ஒலி இடது காதிலிருந்து வலது காதுக்கு நகரும் என்கிறார்கள், எனக்கு இரண்டு காதிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடுகிறது. செயலியில் கோளாறா, என் காதில் கோளாறா? சின்ன வயதில் பார்த்த உருவங்கள் எல்லாம் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதனால்தான் விட மனசு வரவில்லை.

பழைய ரேடியோ:
உங்கள் காது நன்றாகத்தான் இருக்கும் தம்பி. போன் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் 'மோனோ ஆடியோ' ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம்மில் நிறைய பேர் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுவதற்காக அதை ஆன் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். அது ஆனில் இருந்தால் இடது, வலது கலந்துவிடும். வருடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடாது.

ப்ளூடூத்தையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒலி தாமதமாக வரும், நீங்கள் போனைத் திருப்பியது ஒரு பக்கம், காதில் கேட்பது ஒரு பக்கம் என்று ஆகிவிடும். வயர் போட்ட சாதாரண ஹெட்போன் போதும்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, மோனோ ஆனில்தான் இருந்தது! பஸ்ஸில் போகும்போது ஒரு காது வெளியே இருக்கட்டும் என்று எப்போதோ போட்டது. எடுத்துவிட்டேன். இப்போது ஒலி இடமிருந்து வலமாக ஓடுவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இரைச்சல் இரைச்சலாகவே இருக்கிறது. டம்ளரைக் காணோம்.

சிறப்பாசிரியர்:
பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் தொடங்கிய இடம்தான் கஷ்டமான இடம். பகலில் ஜன்னல் என்பது பெரிய வெளிச்சப் பரப்பு. வெளிச்சம் என்றால் சத்தம், அதனால் ஜன்னல் ஒன்றே மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். போதாததற்கு, கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப மொத்தப் படத்தையும் இருட்டாக்கிக்கொள்ளும், முன்னால் இருக்கும் பொருள் மங்கிப்போகும். எவர்சில்வரும் வேண்டாம். அது பளபளக்கும் ஒரு கீற்று மட்டும்தான் ஒலிக்கும், டம்ளரின் உருவம் ஒலிக்காது.

இப்படிச் செய்து பாருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கறுப்புத் துணி ஒன்றை மேசையில் விரியுங்கள், பழைய குடைத்துணிகூடப் போதும். அதன்மேல் ஒரு வெள்ளை மெழுகுவத்தி. போனை நேர் மேலே பிடியுங்கள். இப்போது படத்தின் 'மேல்' என்பது உங்களிடமிருந்து விலகிப் போகும் பக்கம். மெழுகுவத்தி குறுக்கே கிடந்தால் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே ரீங்காரம் இடமிருந்து வலம் ஓடும். உங்களை நோக்கி நேராக வைத்தால் எல்லாச் சுருதியும் ஒரே கணத்தில் 'சர்க்' என்று கேட்டு அடங்கும். இடது முனை அருகிலும் வலது முனை தூரத்திலும் இருக்கும்படி சாய்த்து வைத்தால் ஒலி வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். ஒவ்வொரு முறையும் முதலில் கையால் தடவிப் பாருங்கள், பிறகு கேளுங்கள், மறுபடியும் தடவுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். கைக்குத் தெரிந்ததைத்தான் காது கற்றுக்கொள்கிறது.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், தலைவலி வரும்வரை போகாதீர்கள். பிரெயில் படித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் விரலுக்கு எல்லாமே வெறும் மேடு பள்ளம்தானே?

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி டீச்சர். இன்று ராத்திரியே பார்க்கிறேன். இது புதுத் தொழில்நுட்பமா? சோதனைக் கட்டத்தில் இருப்பதால் இப்படித் தடுமாறுகிறதா?

பழைய ரேடியோ:
புதிது இல்லை தம்பி. நெதர்லாந்தின் பீட்டர் மெய்யர் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது 1992-இல். படத்தை 64-க்கு 64 புள்ளிகளாகவும், கறுப்பிலிருந்து வெள்ளை வரை 16 படிகளாகவும் பிரிக்கும், ஒரு படத்தை ஒலிக்கச் சுமார் ஒரு வினாடி ஆகும். சுருதி ஏறத்தாழ 500 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை.

இதற்கெல்லாம் முன்னோடி ஆப்டோஃபோன். 1913 வாக்கில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபூர்னியே டால்பே என்பவர், அச்செழுத்தை ஒலியாக்கும் கருவியாக அதைச் செய்தார். மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண் 1918-இல் பலர் முன்னால் அதை வைத்துப் படித்துக் காட்டியபோது வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சொல்தான். அவர் விடவில்லை, பழகிப் பழகிப் பின்னாளில் நிமிடத்துக்கு 60 சொல் வரை எட்டினார். அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும். கருவி மட்டும் நல்லதாக இருந்தால் போதாது, உட்கார்ந்து பழகவும் வேண்டும்.

கம்ப்யூட்டரில் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் வைத்திருக்கிறீர்களா? அதன் மவுஸ் அமைப்புகளில், மவுஸ் நகரும்போது ஒலியால் இடம் காட்டும் வசதி இருக்கிறது. மேலே போனால் சுருதி ஏறும், இடது வலது காதில் பிரியும், விரும்பினால் திரையின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒலியளவும் மாறும். தத்துவம் ஒன்றுதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளிதான் ஒலிக்கும். காதைப் பழக்க ரொம்ப நல்லது.

இன்னொரு வாசகர்:
தயவுசெய்து இதை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்க வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்கும் காதை அடைத்துவிட்டு எந்தப் படமும் நமக்கு வேண்டாம். பிற்பாடு வெளியே பயன்படுத்துவதானால் காதை மூடாத எலும்புவழி ஹெட்போன் வாங்குங்கள். கையில் வெண்கோல் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர் (ஐந்து நாள் கழித்து):
டீச்சர், அண்ணா, எல்லோருக்கும் வணக்கம். மெழுகுவத்தி பிடிபட்டுவிட்டது! முதல் இரண்டு நாள் ஊகம்தான். மூன்றாம் நாள் என் மனைவி சொல்லாமல் திருப்பித் திருப்பி வைத்தாள், பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொன்னேன். குறுக்கே கிடப்பதும் நேராக இருப்பதும் இப்போது சந்தேகமே இல்லை. சாய்வு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் மட்டும் சில நேரம் தடுமாறுகிறேன்.

நேற்று ராத்திரி ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, விளக்கு எரியும் சமையலறை வாசலை நோக்கிப் போனைப் பிடித்தேன். அமைதி, சட்டென்று அகலமாக ஒரு சத்தம், சட்டென்று மறுபடி அமைதி. கதவை மனைவி மெதுவாகச் சாத்தச் சாத்த அந்தச் சத்தம் குறுகிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு கீறலாகி நின்றது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு, கதவு மூடுவதைத் தூரத்தில் இருந்தே தெரிந்துகொண்டேன். நாலைந்து முறை திறந்து மூடச் சொன்னேன், அவளும் சலிக்காமல் செய்தாள்.

அடுத்து மாடிப்படி முயலலாமா டீச்சர்?

சிறப்பாசிரியர்:
படித்ததும் கண் கலங்கிவிட்டது. படிக்கட்டைக் கீழே நின்று, அசையாமல் கேளுங்கள். படி விளிம்புகள் வெளிச்சமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ரீங்காரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். போன் சாய்ந்தால் படியும் சாய்ந்து கேட்கும், அதனால் இரண்டு கையாலும் பிடியுங்கள். ஏறும்போது செயலியை நிறுத்திவிட்டு, கோலையும் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.