டைம்ஷேர்ல 4 லட்சம் போட்டா பின்னாடி காசு வருமா? மதுரைக்காரவுக யாராச்சும் வச்சிருக்கீங்களா

அண்ணாநகர்காரன்:
வணக்கம் மக்களே. போன மாசம் பெட்ரோல் பங்க்ல ஒரு கூப்பன்ல பேரு நம்பரு எழுதி போட்டேன், அதோட மறந்தும் போச்சு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி பரிசு விழுந்துருக்கு சார், மேடத்தோட வந்தாத்தான் குடுப்போம்னாய்ங்க. பைபாஸ் ரோட்டுல ஒரு ஹோட்டல். ஒரு மணி நேரம்னு சொல்லி மூணு மணி நேரம் உக்கார வச்சுட்டாய்ங்க, பக்கத்து டேபிள்ல எவனாச்சும் கையெழுத்து போட்டா மொத்த ஹாலும் கை தட்டுது, பாட்டு சத்தத்துல யோசிக்கவே விடல. டைம்ஷேராம், மொத்தமா காசு கட்டிட்டா வருஷாவருஷம் அவுக ரிசார்ட்ல சில நாள் தங்கிக்கலாமாம். அதை விக்கிற தம்பி ஒருத்தன் ஒரு வெள்ளைத்தாள்ல ரூம் வாடகை 8,000, வருஷத்துக்கு 7 நாள், 25 வருஷத்துக்கு 14 லட்சம், நீங்க கட்டுறது 4 லட்சம்தான் சார்னு எழுதி சுத்தி வட்டம் போட்டான். கார்டை தேய்ச்சு 50,000 கட்டிட்டு வந்துட்டேன், மீதி ஈஎம்ஐ. நகையா எடுத்திருந்தா அடகாவது வைக்கலாம்லனு வீட்டம்மா ஒரே ரோதனை. இதை பின்னாடி விக்க முடியுமா? பிள்ளை பேருக்கு மாத்தலாம்னு வேற சொன்னாய்ங்க.

திருமங்கலம் பெருசு:
தம்பி நான் 11 வருஷமா வச்சிருக்கேன் (வேற கம்பெனி). இதுல பத்திரமும் கிடையாது பட்டாவும் கிடையாது, 25 வருஷத்துக்கு தங்கிக்கிறதுக்கு ஒரு உரிமை, அம்புட்டுத்தான். மூணு வருஷம் முன்ன விக்கலாம்னு விளம்பரம் போட்டேன், பாதி விலைக்கு கூட ஆள் வரல. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வித்துத் தர்றோம், முதல்ல ஜிஎஸ்டி பணம் மட்டும் அனுப்புங்கன்னு போன்தான், அதுல ஒரு ரூபா குடுத்துராதீக. பிள்ளை பேருக்கு மாத்தலாம் சரி, ரிசார்ட்டை பராமரிக்க வருஷாவருஷம் கம்பெனிக்கு கட்டுற மெயின்டனன்ஸும் அவன் தலையிலதான விழும்.

இன்னொண்ணு, உங்க மெம்பர் கார்டு எந்த சீசன்ல தங்குறதுக்கு? எனக்கு விலை கம்மின்னு மழை சீசன் குடுத்துட்டாய்ங்க. பிள்ளைக பள்ளிக்கூடம் போறப்ப ரூம் இருக்கு, மே மாசம் கேட்டா இல்ல. அப்படியே கிடைச்சாலும் சித்திரைத் திருவிழாவுக்கு மொத்த சொந்தமும் நம்ம வீட்ல வந்து இறங்கிரும், அழகர் ஆத்துல இறங்குறதை விட்டுட்டு எங்க கொடைக்கானலுக்கு போறது.

கணக்குப்புள்ள:
அந்தத் தம்பி போட்ட கணக்குல மெயின்டனன்ஸ் எங்க? 18,000ன்னு வச்சாலும் 18% ஜிஎஸ்டி சேத்து 21,240. அந்த 4 லட்சத்தை 7% டெபாசிட்ல போட்டா வருஷம் 28,000 வட்டி வரும், அது போச்சு. ரெண்டையும் கூட்டுங்க, 49,240, ஏழு ராத்திரிக்கு வகுத்தா ஒரு ராத்திரி 7,000 சொச்சம். ஆக 8,000 ரூம்ல 1,000 மிச்சம், அதுவும் ஒரு வருஷம் விடாம 7 நாளும் போனா. டெபாசிட்ல கடைசில 4 லட்சம் முழுசா கைல நிக்கும், இதுல 25வது வருஷம் சுத்தமா முட்டை. நீங்க ஈஎம்ஐ வேற, அதுக்கு வட்டி தனி. இது முதலீடே இல்லண்ணே, ரூம் வாடகையை 25 வருஷத்துக்கு அட்வான்ஸா குடுக்குறது.

குமுளி ரோடு:
எல்லாரும் ஒரேடியா திட்டாதீங்க. எங்க வீட்ல வாங்கி 8 வருஷம் ஆச்சு, மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணி மூணாறு, கூர்க், கோவான்னு போயிட்டு வந்துட்டோம், கிச்சன் இருக்குறதால அம்மாவுக்கு கஞ்சி வச்சு குடுக்க முடியுது. ரூம் வாடகையும் வருஷாவருஷம் ஏறத்தான செய்யுது. ஆனா மெயின்டனன்ஸும் ஏறுது, 6% ஏறுனா 12 வருஷத்துல டபுள். ப்ளான் பண்ணி ஊர் சுத்துற ஆளா இருந்தா வாங்குங்க. கொடைக்கானலுக்கு மட்டும்தான்னா வேணாம், 120 கிலோமீட்டர்தான, மலைக்கு வண்டில போறதுக்கு ஆன்லைன்ல இ-பாஸ் போட்டுட்டு வெள்ளன கிளம்புனா ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம்.

கணக்குப்புள்ள:
ஆமா அதை விட்டுட்டேன். கையெழுத்து போட்டு எத்தனை நாள் ஆச்சு? அக்ரிமெண்ட்ல கேன்சல் பண்ண டைம் குடுத்திருக்கான்னு பின்பக்கம் பொடி எழுத்துல பாருங்க. என் மச்சானுக்கு 10 நாள் இருந்துச்சு. போன்ல சொல்லாதீங்க, பேசி மடக்கிருவாய்ங்க. ஈமெயில் ஒண்ணு, ஸ்பீட் போஸ்ட் ஒண்ணு. பணம் தரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க, அப்புறம் நம்ம மதுரை நுகர்வோர் கோர்ட்லயே கேஸ் போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது.

அண்ணாநகர்காரன்:
அண்ணே இன்னைக்கு ஆறாவது நாள். பொடி எழுத்துல இருக்கு, 10 நாள்தான். மெயில் அனுப்பிட்டு தல்லாகுளம் போஸ்ட் ஆபீஸ்ல ஸ்பீட் போஸ்ட்டும் போட்டுட்டேன், ரசீது பர்ஸ்ல இருக்கு. காலைல இருந்து அந்தத் தம்பி நாலு தடவை கூப்ட்டுட்டான், எடுக்கல. பரிசா குடுத்த டின்னர் செட்டை வீட்டம்மா நேத்தே பிரிச்சு புழங்க ஆரம்பிச்சுட்டா, அதை திருப்பி கேப்பாய்ங்களோ?