பி580 வாங்கவா, பி770க்குக் காத்திருக்கவா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடிட் பண்ணுவதுதான் தொழில். போன வாரம் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செத்துவிட்டது, ரெண்டு வீட்டு வேலை அப்படியே நிற்கிறது.

இன்டெல் ஆர்க் பி580 மேல்தான் கண். கார்டு சந்தையில் இன்டெல் சின்ன ஆள்தான், ஆனால் 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி மெமரியோடு அதைக் கொடுத்தது பெரிய விஷயம். இதற்கிடையில் அதைவிடப் பெரிய பி770 பற்றிய பேச்சு: 32 எக்ஸ்இ கோர் (கார்டின் கணிப்பு அலகு), 16 ஜிபி என்கிறார்கள். வதந்திதான், ஆனாலும் 4கே டைம்லைனுக்கு 16 ஜிபி என்றால் மனசு இழுக்கிறது.

என்னிடம் இருக்கும் சிபியு (பிராசஸர்) ரைசன் 5 3600. ரீசைஸபிள் பார் (கார்டு மெமரி முழுவதையும் சிபியு ஒரேயடியாக அணுக விடும் வசதி) இல்லாமல் ஆர்க் சரியாக ஓடாது, அதை மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கில் போட்டுவிடலாம். ஆனால் இந்த மாதிரிப் பழைய சிபியுவோடு பி580 சில கேம்களில் வேகம் குறைவதைச் சோதனைகள் காட்டின. எடிட்டிங்கிலும் அப்படியா? டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருள் பாவிக்கிறவர்கள் சொல்லுங்கள். பெரிய கார்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், இங்கே மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கும். பி580க்கே 190 வாட். என் 550 வாட் பவர் சப்ளை தாங்குமா? கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் வேலை கெடும். கண்டிப் பக்கம் நல்ல கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.