கலைச்சொல் விவாதம்: ‘மோட்டார்ஹோம்’ தமிழில்?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தி.நகரில் உள்ள ஒரு பயண நிறுவனத்துக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போய், அங்கே மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே கொண்ட வண்டி) வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றும் குடும்பங்களுக்கானது. நியூசிலாந்துப் பகுதி முடிகிற நிலையில் இருக்கிறது, அடுத்தது ஜெர்மனி. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வார்கள், கூடப் போகிற அப்பா அம்மாவுக்குத் தமிழில் வேண்டும் என்கிறார்கள் நிறுவனத்தார்.

மூலத்தில் மோட்டார்ஹோம், கேம்பர்வேன், கேரவன் மூன்றும் மாறி மாறி வருகின்றன. மூன்றும் ஒன்றா, வேறா என்று அச்சகத்தில் கேட்கிறார்கள். தலைச்சொல்லோடு உறுப்புகளுக்கும் சொல் வேண்டும்: இரண்டு வகைக் கழிவுநீர், ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கை, பக்கவாட்டில் விரியும் துணிக்கூரை, இரவு வண்டியை நிறுத்தித் தங்கும் இடம். வெள்ளிக்கிழமை மெய்ப்பு போகிறது. உதவுங்கள்.

— மயிலாப்பூரிலிருந்து

மடல் 2

வீட்டூர்தி. புணர்ச்சி சரி, பொருள் தெளிவு. இதற்கு மேல் விவாதம் எதற்கு?

— அண்ணா நகர்

மடல் 3

கேரவன் என்றே வைத்துவிடுங்கள் அம்மா. எங்கள் பகுதியில் படப்பிடிப்பு நடக்கும் நாளெல்லாம் தெருமுனையில் கேரவன் நிற்கிறது. பால்காரர் முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லாருக்கும் தெரிந்த சொல். அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்து, அதற்கு அடிக்குறிப்பும் எழுதப் போகிறோமா?

— வளசரவாக்கம்

மடல் 4

கேரவன் என்றால் முதலில் வணிகக் கூட்டம்; அந்தப் பாரசீகச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் சாத்து. கோவலனின் தந்தை பெயரே மாசாத்துவான். பழைய சொல்லுக்கு உயிர் கொடுக்கலாமே. என் பரிந்துரை: சாத்துந்து.

— திருவல்லிக்கேணி

மடல் 5

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லப்போகிறவர் எங்கே நின்று சொல்வார் என்பதை மூவருமே பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

கேரவனை எடுத்துக்கொள்வோம். வளசரவாக்கத்து ஐயா சொல்வது சென்னையில் சரி. கேரள அரசும் 2021இல் தன் சுற்றுலாத் திட்டத்துக்குக் ‘கேரவன் கேரளா’ என்று பெயர் வைத்தபோது எஞ்சின் உள்ள வண்டிகளையே மனத்தில் வைத்திருந்தது. ஆனால் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் கேரவன் என்றால் எஞ்சின் இல்லாதது. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போவது. நம் கையேட்டை நம்பி ஒருவர் ஆக்லாந்தில் கேரவன் கேட்டால், இழுப்பதற்கு என்ன கார் வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். ஜெர்மானியர் இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே வைத்துவிட்டார்கள்: தானே ஓடுவது வோன்மொபீல், இழுபடுவது வோன்வாகன். நமக்கும் இப்படி ஓர் இணை வேண்டும். ஒற்றைச் சொல்லைச் செய்துவிட்டு ஓய்ந்தால் அடுத்த பக்கத்திலேயே மாட்டிக்கொள்வோம்.

வீட்டூர்தியில் புணர்ச்சிக் குற்றம் எதுவும் இல்லை, அண்ணா நகர் ஐயா. ஆனால் நம் ஊர்ச் சாலையில் ‘ஊர்தி’ என்று எழுதிக்கொண்டு வருகிறவை எவை? அவசர ஊர்தி, அமரர் ஊர்தி. அதற்கு முன்னால் ‘வீடு’ வேறு சேர்ந்தால், அறம் பொருள் இன்பம் வீடு என்று படித்த எந்தப் பெரியவரும் படியில் கால் வைக்கத் தயங்குவார். மனையூர்தி என்று மாற்றலாமா என்றால், சென்னையில் மனை என்பது புறநகரில் கல் நட்டு விற்கிற நிலம்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். ‘வீடு’ என்ற கருத்திலேயே எனக்கு உடன்பாடு இல்லை. வாடகைக்கு எடுக்கிறவர் அதில் குடித்தனம் நடத்தப் போவதில்லை. விடுமுறைக்குப் போய், பணம் கொடுத்து, சில இரவுகள் தங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். இதே பொருளில் ஒரு சொல் ஏற்கெனவே நம்மிடம் புழங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் விளம்பரத்தைப் பாருங்கள்: குடில். ஓலைக்குடிசை என்ற பழைய பொருள் மங்கி, வாடகைக்கு விடும் சிறு தங்குமிடம் என்று ஆகிவிட்டது. ஆகவே என் பரிந்துரை: தானே ஓடுவது குடிலுந்து, இழுபடுவது இழுகுடில். முன்னது பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். பின்னது வினைத்தொகை, மெய்ப்புப் பார்ப்பவர் ஆர்வத்தில் ஒரு ‘க்’ சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேம்பர்வேனுக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் பொருத்தியது அது. படுக்கை வேன் என்றால் போதும். வேனுக்குக் ‘கூடுந்து’ என்று அகராதியில் சொல் இருக்கிறது. வேன் நிறுத்தத்தில் இல்லை.

சாத்து பற்றி: திருவல்லிக்கேணி நண்பரின் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சாத்து என்பது கூட்டமாகப் போகும் வணிகர்கள், வண்டி அன்று. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு விற்கும் உமணரின் வண்டி வருகிறது. அதில் காடிப்பானை தொங்குகிறது. குழந்தையை வைத்திருக்கும் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். சமையலும் குடும்பமும் வண்டியோடு போகின்றன. நம் பொருளுக்கு மாசாத்துவானைவிட அவள்தான் நெருங்கிய உறவு. மூன்று குடும்பங்கள் மூன்று வண்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், அந்த வரிசையைச் சாத்து என்று சொல்லுங்கள், மகிழ்ச்சியாக ஏற்கிறேன். தனி வண்டிக்கு வேண்டாம். தவிர, ‘சாத்து’ என்றால் இன்று கதவுதான் நினைவுக்கு வரும். அல்லது அடி.

இனி உறுப்புகள். இங்கே சொல் தவறினால் கை நாறும்.

ஆங்கிலத்தில் ‘கிரே வாட்டர்’, ‘பிளாக் வாட்டர்’ என்று இருப்பதைப் பார்த்துச் சாம்பல்நீர், கருநீர் என்று எழுதத் தோன்றும். நிறத்தை வைத்து யாருக்கு என்ன புரியும்? பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் போய்ச் சேரும் தொட்டிக்குக் கழுநீர்த் தொட்டி என்று எழுதுங்கள். மாடு வைத்திருந்த வீடுகளில் கொல்லைப்புறத்தில் அது இருந்தது. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் அதில் விழும். வண்டியின் அடியில் இருப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது, மாடுதான் இல்லை.

மற்றது, அதாவது கழிப்பறைக் கழிவு சேர்வது, பல வாடகை வண்டிகளில் தொட்டியே அன்று, கழற்றி எடுக்கும் பெட்டி. கழிப்பறைக்கு நேர் பின்னால், வண்டியின் வெளிச்சுவரில் சிறு கதவு இருக்கும். அதைத் திறந்து, தாழை விலக்கி இழுத்தால் பெட்டி வெளியே வரும். ஏறத்தாழ இருபது லிட்டர் கொள்ளும்; நிரம்பிவிட்டால் இருபது கிலோ, இடுப்பு சொல்லும். இதற்கென்று குறித்த இடத்துக்குக் கொண்டுபோய், ஊற்றுமூக்கை வெளிப்பக்கமாகத் திருப்பி, மூடியைக் கழற்றிச் சாய்க்க வேண்டும். சாய்க்கும்போது காற்று புகுவதற்கான பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். விட்டால் களக் களக்கென்று விக்கி, ஊற்றுகிறவர் சட்டையில் தெறிக்கும். பிறகு நீர் விட்டுக் குலுக்கி அலசி, மருந்து ஊற்றி, பழையபடி உள்ளே தள்ள வேண்டும். இந்தப் பத்தியை மூலத்தில் அரை வரியில் முடித்திருப்பார்கள்; நீங்கள் விரித்து எழுதுங்கள். பெயர் மலப்பெட்டி. நாகரிகம் பார்த்துக் கழிவுப்பெட்டி என்று எழுதினால் வாழைப்பழத் தோலைப் போடுவார்கள். கொட்டும் இடம், கழிவிறக்கு நிலையம்.

ஓட்டுநர் தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் படுக்கைக்குப் பரண் இருக்கும்போது வேறு சொல் தேடுவது பாவம். பரண் உள்ள வண்டி பொதுவாக மூன்று மீட்டர் உயரத்தைத் தாண்டும். நியூசிலாந்து, ஆஸ்திரேலிய வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் கூரைச் சேதமும் அடிப்பகுதிச் சேதமும் அடிப்படைக் காப்பீட்டில் அடங்குவதில்லை. நம் ரயில்வே சுரங்கப்பாதைகளின் வாயிலில் இரும்புக் குறுக்குச்சட்டம் தொங்குகிறதே, அதைப் பற்றிக் காரோட்டி கவலைப்பட்டதில்லை. அங்கே போனதும் அவர்தான் கவலைப்பட வேண்டும். கையேட்டில் ‘உயரம்’ வருகிற இடமெல்லாம் பக்கத்தில் ‘பரண்’ வரட்டும்.

துணிக்கூரை: சாய்ப்பு. சுவரோடு ஒட்டி இறக்கும் கூரைக்கு உள்ள பெயரே இது. காற்று வந்தால் சுருட்டிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

தங்கும் இடத்துக்கு ‘முகாம்’ எழுதாதீர்கள். முகாம் என்றால் கண் மருத்துவம், இரத்த தானம், அகதிகள். தண்ணீர், மின்இணைப்பு, குளியலறை, சமையற்கூடம் எல்லாம் கொண்ட கட்டண இடத்துக்கு வண்டிப்பேட்டை என்பேன். சந்தைக்கு வந்த மாட்டு வண்டிகள் இரவு தங்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கல் கூட்டிச் சமைத்த இடத்தின் பெயர் அது. சைதாப்பேட்டையும் தேனாம்பேட்டையும் உள்ள ஊர்க்காரர்களுக்குப் பேட்டை அந்நியமா என்ன?

நியூசிலாந்தில் இன்னொரு வகை உண்டு. கட்டண இடத்துக்குப் போகாமல், அனுமதி உள்ள பொது இடங்களில் நிறுத்தித் தங்குவது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதை ஒழுங்குபடுத்துகிறது. ‘ஃப்ரீடம் கேம்பிங்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துச் ‘சுதந்திர முகாம்’ என்று போட்டால் தியாகிகள் ஓய்வூதியம் வாங்க வந்துவிடுவார்கள். வெட்டவெளித் தங்கல் என்று எழுதலாம். பல இடங்களில் இதற்குத் தன்னிறைவுச் சான்று (தண்ணீரும் கழிவும் வண்டிக்குள்ளேயே அடங்கும் என்பதற்கான சான்று) பெற்ற வண்டிதான் வேண்டும். 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அந்தச் சான்று பெறக் கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தியதாக இருக்க வேண்டும். தூக்கி வைக்கும் வாளி வகை போதாது. இதனால் படுக்கை வேன்களில் பல அடிபட்டுப்போகும். விலை குறைவு என்று சின்ன வண்டியை எடுக்கிறவர் அறிய வேண்டிய செய்தி இது. சொல்லடைவில் புதைத்துவிடாமல் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

— நங்கநல்லூர்

மடல் 6

நங்கநல்லூர் ஐயாவுக்கு வணக்கம். பரணும் கழுநீரும் அருமை. குடிலுந்துதான் சிக்கல். ‘குடி’ முதலில் காதில் விழுகிறது. குடித்துவிட்டு ஓட்டுகிற வண்டி போல ஒலிக்கிறதே?

அடுத்து, நான் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒரு விண்ணப்பம். வண்டியை எடுக்கும்போது கடன் அட்டையில் நிறுத்திவைக்கும் தொகை வேறு, சேதம் நேர்ந்தால் நம் கையிலிருந்து போகும் ‘எக்ஸஸ்’ வேறு. முதலாவது பிணைத்தொகை, வண்டி சேதமின்றித் திரும்பினால் விடுவிப்பார்கள். இரண்டாவதற்குச் சிலர் கழிவுத்தொகை என்று எழுதிவிடுகிறார்கள். வணிகத்தில் கழிவு என்றால் தள்ளுபடி, வாசகர் மகிழ்ச்சியடைந்துவிடுவார். போதாததற்கு, இந்தக் கையேட்டில் கழிவுக்கு வேறு வேலை ஏற்கெனவே நிறைய இருக்கிறது. தன்பங்குத் தொகை என்று எழுதுங்கள். நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்கிக்கொண்டு அதைக் குறைப்பார்கள். அது தன்பங்குக் குறைப்பு.

டீசல் வண்டியானால் நியூசிலாந்தில் ஓடிய கிலோமீட்டருக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணமும் உண்டு. அங்கே பெட்ரோல் விலையிலேயே அந்த வரி அடங்கிவிடும், டீசலில் அடங்காது. வண்டியைத் திருப்பும்போது இந்தக் கணக்கு வரும் என்று ஒரு வரி எழுதிவிட்டால், கடைசி நாளில் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

— குரோம்பேட்டை

மடல் 7

குடிநீர் என்று சொல்லும்போதும் குடியரசு என்று சொல்லும்போதும் யாரும் தள்ளாடுவதில்லை ஐயா. பழகிவிடும். தன்பங்குத் தொகைக்கு என் முழு ஆதரவு.

— நங்கநல்லூர்

மடல் 8

எல்லாருக்கும் நன்றி. குடிலுந்து, இழுகுடில், படுக்கை வேன், பரண், சாய்ப்பு, கழுநீர்த் தொட்டி, மலப்பெட்டி, தன்பங்குத் தொகை ஆகியவற்றை ஏற்றுவிட்டேன். வண்டிப்பேட்டையை நிறுவனத்தார் ஏற்கவில்லை. லாரி நிற்கிற இடம் போல இருக்கிறதாம். ‘குடிலுந்துப் பூங்கா’ வேண்டும் என்கிறார்கள். பூங்காவில் பூ எங்கே என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

சோதனைக்காக ஒரு பத்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்: “வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குக் கப்பலில் போக ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். பயணச்சீட்டு எடுக்கும்போது குடிலுந்தின் நீளத்தைச் சொல்ல வேண்டும். கப்பலில் ஏற்றும் முன் கேஸ் சிலிண்டரை மூடிவிட வேண்டும்.” எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை. சிலிண்டரை மூடினால் குளிர்ப்பெட்டியில் இருக்கும் தயிர் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். கேஸில் ஓடும் குளிர்ப்பெட்டியாக இருந்தால் நியாயமான கேள்விதான். அதற்கும் ஒரு வரி சேர்க்கிறேன்.

— மயிலாப்பூர்

மடல் 9

குடிலுந்து என்றே போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் சொல்லடைவில் வீட்டூர்தியும் இருக்கட்டும். எதிரே ‘காண்க: குடிலுந்து’ என்று போட்டால் போதும்.

— அண்ணா நகர்