‘பெண்டு கழண்டுருச்சு’, ‘முடியல’, ‘சியன்’: சிங்கப்பூரில் வேலைக் களைப்பை எங்கே எப்படிச் சொல்வது?

தேக்காவாசி:
‘பெண்டு நிமித்துறான்’ என்றால் வேலை வாங்குகிற ஆள்மேல் குறை. ‘பெண்டு கழண்டுருச்சு’ என்றால் வேலை கடுமை, யார்மேலும் குற்றமில்லை. ‘சக்கையாப் பிழியறான்’, ‘உயிர வாங்குறான்’ எல்லாம் முதல் வகை. ‘நாக்குத் தள்ளிருச்சு’, ‘இடுப்பு ஒடிஞ்சுருச்சு’, ‘தாவு தீந்துருச்சு’ இரண்டாவது வகை. அறையில் இருக்கும் தம்பி ஒருவன் கழண்டுருச்சு என்பதை விட்டுவிட்டு நிமித்துறான் என்று பேச ஆரம்பித்தால், கொஞ்சம் உட்காரவைத்து விசாரியுங்கள்.

‘மாடா உழைக்கிறான்’ பரிவோடு சொல்வது, பாதி பாராட்டு. ‘செக்குமாடு’ என்றால் சுற்றிச் சுற்றி அதே வேலை, முன்னேற்றம் இல்லை. ‘நாயாப் பேயா அலையுறேன்’ உடலுழைப்புக்குப் பொருந்தாது. பெர்மிட், ஏஜெண்ட், பேங்க் என்று அலைகிற அலைச்சலுக்குத்தான் அது. ‘ஓடாத் தேஞ்சுட்டார்’ என்பது ஆண்டுக்கணக்கில் குடும்பத்துக்காக உழைத்தவரைப் பற்றி அடுத்தவர் சொல்வது. நேற்றுப் பார்த்த இரண்டு ஷிப்டுக்கு அது ஒட்டாது.

மூத்தவர்களிடம் பெண்டு, தாவு எல்லாம் வேண்டாம். ‘ரொம்ப அலுப்பா இருக்காண்ணே?’ என்றால் போதும். ஒன்று மட்டும் கவனம்: புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தவர் உடம்புக் களைப்பைத்தான் அலுப்பு என்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர் காதில் அது ‘வேலை பிடிக்கவில்லை’ என்று விழக்கூடும்.

புளோக்_எழுபத்திரண்டு:
இங்குள்ளவர்கள் பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சியன்’ ஹொக்கியன் சொல். களைப்பும் சலிப்பும் கலந்தது, வேலை குறைவாக இருந்தாலும் வரும். ‘ஜியலாட்’ என்றால் நிலைமை கைமீறிவிட்டது. ‘தஹான் பண்ண முடியல’ மலாயிலிருந்து வந்தது, தாங்க முடியவில்லை என்று பொருள். ‘தெக்கான்’ தேசிய சேவையிலிருந்து (இங்குள்ள கட்டாயப் படைச் சேவை) வந்து அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டது. மேலே இருப்பவர் வேண்டுமென்றே வாட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறது. ‘என்னைய அரோ பண்ணிட்டாங்க’ என்றால் யாரும் தொடாத வேலை தலையில் விழுந்துவிட்டது. சக ஊழியரிடம் இதெல்லாம் சரி. மேலாளருக்கு எழுதும்போது ‘தலைக்கு மேல வேலை’ என்பதை எந்த மொழியில் எழுதினாலும் பலனில்லை. கையில் உள்ள வேலைகள், ஒவ்வொன்றுக்கும் கெடு, ஆகும் மணி நேரம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று நான்கு வரி எழுதுங்கள்.

மருந்தகத் தமிழ்:
கிளினிக்கில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது மிக முக்கியம், பொறுமையாகப் படியுங்கள்.

‘முடியல டாக்டர்’ என்பதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள். ‘கேனாட்’ (முடியாது) என்று மொழிபெயர்த்தால், வேலை செய்ய மறுக்கிறார் என்று சூப்பர்வைசர் எடுத்துக்கொள்வார். ‘எங்கே முடியல, எப்போதிருந்து?’ என்று கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

‘உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்பது உடல்வலி. போன் செயலி இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், யாரோ அடித்துவிட்டார்கள் என்று மருத்துவர் பதறுவார்.

‘மூச்சு வாங்குது’ என்றால் ஏணி ஏறி இறங்கிய இரைப்பு, உட்கார்ந்தால் அடங்கும். ‘மூச்சு முட்டுது’, ‘நெஞ்ச அடைக்குது’ வேறு, உடனே பார்க்க வேண்டும். ‘கிறுகிறுப்பு’ தலைசுற்றல். ‘மயக்கம் வருது’ என்றால் நினைவு இருக்கிறது, ‘மயங்கிட்டேன்’ என்றால் நினைவு போயிருக்கலாம். கீழே விழுந்தாரா, எவ்வளவு நேரம், யார் பார்த்தது என்று கேட்டே ஆகவேண்டும். ‘கெண்டைக்கால் இழுக்குது’ தசைப்பிடிப்பு. வெயிலில் வேலை செய்தவர் இதைச் சொன்னால் வெப்பப் பாதிப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாம். ‘அசதி’ தூங்கி எழுந்தும் போகாவிட்டால், அதையும் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஹெல்மெட்மஞ்சள்:
மேலே இருப்பதோடு சேர்த்து, சைட்டில் ‘வெயில்ல மண்ட காயுது’ என்று சொல்வதற்குப் பதில் மீட்டர் அளவைக் கேளுங்கள். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதிப்படி, டபிள்யூபிஜிடி (வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துப் பார்க்கும் வெப்ப அளவு) 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்புக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு, 33 டிகிரியில் 15 நிமிடம். நிழலில் உட்கார வேண்டும். தண்ணீர் மணிக்கு 300 மில்லியாவது குடிக்க வேண்டும். புதிதாக வந்தவரை முதல் நாளே முழு வெயிலில் நிறுத்தக்கூடாது, 7 நாளாவது படிப்படியாகப் பழக்க வேண்டும்.

சம்பளச்சீட்டு:
‘ஓட்டி போட்டே சாகடிக்கிறான்’ (ஓட்டி என்பது கூடுதல் நேர வேலை) என்று அதிகாரியிடம் போய் நின்றால் அவர் எதை எழுதுவார்? அங்கே மணிக்கணக்குதான் பேசும். வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் உச்சவரம்பு. ஓட்டியோடு சேர்த்து நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. உடலுழைப்பு வேலையில் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி வரை இது பொருந்தும்.

கணக்கு இது. பேசிக் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 800ஐ 12ஆல் பெருக்கினால் 9,600. அதை 52 × 44, அதாவது 2,288ஆல் வகுத்தால் மணிக்கு 4.20. ஓட்டிக்கு அதில் ஒன்றரை மடங்கு, 6.29. சில கம்பெனிகள் 26 நாள், 8 மணி நேரம் என்று 208ஆல் வகுப்பார்கள். அப்போது ஓட்டி 5.77 ஆகிவிடும். 72 மணி நேரத்துக்கு 37 வெள்ளிக்கு மேல் கையைவிட்டுப் போகிறது.

இன்னொரு தவறு ஓய்வு நாளில். முதலாளி கேட்டு, வழக்கமான நேரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் வர வேண்டும். வாரம் 6 நாள் வேலை என்றால் மேலே சொன்ன பேசிக்குக்கு அது 61.54 வெள்ளி. சாதாரண ஓட்டி மாதிரி 8 மணி நேரத்துக்குப் போட்டுக் கொடுத்தால் 50.35தான் வரும். நீங்களாகக் கேட்டுச் செய்தால் விகிதம் குறைவு, அதனால் யார் கேட்டது என்பது மெசேஜில் இருக்கட்டும்.

தேக்காவாசி:
வீட்டுப் பணிப்பெண்களுக்கும் இதேதானா?

சம்பளச்சீட்டு:
இல்லை, அவர்கள் வேலை நியமனச் சட்டத்துக்குள் வருவதில்லை. வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. 2023 முதல் மாதத்தில் ஒன்றையாவது காசாக மாற்றாமல் ஓய்வாகவே கொடுக்க வேண்டும்.

புகார் செய்வதானால் டிஏடிஎம், அதாவது சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் முத்தரப்பு அமைப்பு. வேலையில் இருக்கும்போது, பிரச்சினை தொடங்கியதிலிருந்து 1 ஆண்டுக்குள். வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். ஐபிஏ தாள் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம்), சம்பளச் சீட்டுகள், பேங்க் கணக்கு விவரம் மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். அதோடு தினமும் ஒரு வரி: தேதி, எந்த சைட், தொடங்கிய நேரம், சாப்பாட்டு நேரம், முடிந்த நேரம். டைம்கார்டில் கையெழுத்துப் போடும் முன் மணிக்கணக்கைப் பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.