பொதுத்துறை போர்டு நியமனம் அமைச்சகத்தின் கையிலேயே இருக்கலாமா?

சேகர்_ஜாலஹள்ளி:
பெங்களூரில் நம்மவர்கள் பாதிப் பேர் வீட்டில் ஹெச்ஏஎல், பிஇஎல், ஐடிஐ, பெமல், ஹெச்எம்டி என்று ஏதாவது ஒரு ஃபேக்டரியின் அடையாள அட்டை இருந்திருக்கும். நானும் அப்படி ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கோபத்தோடே எழுதுகிறேன்.

எண்ணெய், எரிவாயு எடுக்கும் மத்திய அரசு நிறுவனமான ஓஎன்ஜிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச் முடிவில் அதன் சேர்மன் சசி சங்கர் ஓய்வு பெற்றார். அவர் எந்தத் தேதியில் ஓய்வு பெறுவார் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த ஜூனில் பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம் ஒன்பது பேரைப் பார்த்துவிட்டு யாரும் பொருத்தமில்லை என்றது. முழுநேரத் தலைவராக அருண் குமார் சிங் வந்தது 2022 டிசம்பரில். நடுவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார்கள். நம்ம ஊர் ஹெச்ஏஎல்லிலும் 2022-ல் சேர்மன் மாதவன் போன பிறகு, நிதி இயக்குநரே கூடுதல் பொறுப்பில் நெடுநாள் ஓட்டினார்.

கூடுதல் பொறுப்பில் இருப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பத்து வருடத்துக்கான முடிவை எடுக்கத் தயங்குவார். கோப்பு அடுத்தவருக்காகக் காத்திருக்கும். கீழே ஷாப் ஃப்ளோரில் இருப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். நியமனத்தை அமைச்சகங்களின் கையிலிருந்து எடுத்துத் தனி அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து?

மீனா_அல்சூர்:
சேகர் சார், சேர்மன் நாற்காலி காலியாக இருந்தால் செய்தியாவது வருகிறது. சுதந்திர இயக்குநர், அதாவது நிர்வாகத்தையோ உரிமையாளரையோ சாராத போர்டு உறுப்பினர், இடம் காலியாக இருந்தால் யாரும் கவனிப்பதே இல்லை. நான் ஒரு தனியார் கம்பெனியில் செகரட்டேரியல் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் பொதுத்துறைப் பங்குகளும் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்திலும் சொல்கிறேன்.

பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனியின் தலைவர் நிர்வாகத்திலும் இருப்பவர் என்றால், போர்டில் பாதிப் பேர் சுதந்திர இயக்குநர்களாக இருக்க வேண்டும். இது பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதி. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் துறை (டிபிஇ) 2010-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளும் அதையேதான் சொல்கின்றன. மீறினால் பங்குச்சந்தைகளான என்எஸ்இயும் பிஎஸ்இயும் நாளுக்கு 5,000 ரூபாய் அபராதம் போடும். ஒரு காலாண்டு முழுக்க என்றால் நாலரை லட்சம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஐஓசி, ஓஎன்ஜிசி, கெயில் எல்லாம் இப்படிக் கட்டியிருக்கின்றன. அவர்கள் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும் பதிலைப் படித்துப் பாருங்கள்: நியமிக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை, அமைச்சகத்திடம்தான் இருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

அப்படியென்றால் தாமதம் செய்வது அமைச்சகம். அபராதம் கட்டுவது கம்பெனி, அதாவது பங்கு வைத்திருக்கும் நானும் மற்றவர்களும். இது என்ன நியாயம்?

ராமமூர்த்தி_இந்திராநகர்:
இரண்டு பேரும் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்கிறீர்கள். டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் பொதுத்துறைக் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

சேர்மன் பதவிக்கு விளம்பரம் முன்பே வந்துவிடுகிறது. நேர்காணல் முடிந்ததும் கண்காணிப்பு ஆணையத்திடம் தடையின்மை கேட்க வேண்டும். தேர்வான பெயர் வெளியே வந்த மறுநாளே அவர் மீது புகார்கள் வரும். பாதி மொட்டைக் கடிதம், ஆனாலும் எதையும் பார்க்காமல் தள்ள முடியாது. அப்புறம் அமைச்சர், அதன்பின் பிரதமர் தலைமையிலான நியமனக் குழு. ஆயிரக்கணக்கான கோடியைக் கையாளப் போகிறவரை அவசரமாக உட்கார வைத்து, ஆறு மாதத்தில் விசாரணை வந்தால் நீங்களே கேள்வி கேட்பீர்கள்.

இரண்டாவது, மீனா மேடம், தனியார் கம்பெனியில் சுதந்திர இயக்குநரை யார் கொண்டுவருகிறார்? புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளிதானே? இங்கே புரமோட்டர் மக்கள். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு நியமிக்கிறது. அதற்கு மேல் சிஏஜி தணிக்கை, 1964-லிருந்து நாடாளுமன்றத்தின் பொதுத்துறை நிறுவனக் குழு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. எந்தத் தனியார் புரமோட்டருக்கு இத்தனை பேர் கணக்குக் கேட்கிறார்கள்?

மாற்றமே இல்லை என்றும் சொல்லாதீர்கள். தேர்வு வாரியத்தின் தலைமைக்கு 2021-ல் டாஃபே நிறுவனத்தின் மல்லிகா ஸ்ரீனிவாசனைக் கொண்டுவந்தார்கள். தனியார் துறையிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான், நம்ம சென்னைக்காரர்.

மீனா_அல்சூர்:
சார், தேர்வு வாரியம் சேர்மனையும் முழுநேர இயக்குநர்களையும்தான் பரிந்துரைக்கிறது. நான் சொன்னது சுதந்திர இயக்குநர்களை. அவர்களுக்கு விளம்பரமும் இல்லை, நேர்காணலும் இல்லை.

தாமதத்துக்கு விசாரணை காரணம் என்கிறீர்கள். எண்ணெய் நிறுவனங்களுக்கு 2021 நவம்பர் வாக்கில் கொத்தாக ஆட்களைப் போட்டார்கள், மூன்று வருடத்துக்கு. 2024 நவம்பரில் கொத்தாகவே முடிந்தது. மூன்று வருடம் முன்பே தெரிந்த தேதிக்கு எந்த மொட்டைக் கடிதம் தடை?

இதன் விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. கணக்கைப் பரிசோதிக்கும் போர்டின் ஆடிட் கமிட்டியில் மூன்றில் இரண்டு பங்கு சுதந்திர இயக்குநர்கள் இருக்க வேண்டும், கூட்டம் நடக்கவே குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அவர்களே இல்லையென்றால் கணக்கை யார் கேள்வி கேட்பது? சிஏஜி வருவது வருடம் முடிந்து கணக்கை மூடிய பிறகு. ஆடிட் கமிட்டி கேட்பது பணம் போவதற்கு முன்பு.

இன்னொன்று. மற்ற கம்பெனிகளில் ஒருவர் நேர்மையானவர், விஷயம் தெரிந்தவர் என்று சொல்ல வேண்டியது போர்டு. அரசு நிறுவனங்களுக்கு 2015 ஜூன் 5 அறிவிப்பின்படி அதைச் சொல்வது அந்த அமைச்சகமே. முழுநேர இயக்குநர்களின் செயல்பாட்டை அமைச்சகம் தன் வழியில் மதிப்பிடுகிறது என்றால் போர்டு செய்த மதிப்பீட்டை ஆண்டறிக்கையில் சொல்லவும் தேவையில்லை. ஆள் எடுப்பதும் அவர்களே, தகுதிச் சான்று கொடுப்பதும் அவர்களே, மார்க் போடுவதும் அவர்களே.

சேகர்_ஜாலஹள்ளி:
மார்க் என்று மேடம் சொன்னதும் அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். அர்ஜுன் சென்குப்தா குழு சொன்னதை வைத்து 80-களின் பின்பாதியில் புரிந்துணர்வு ஒப்பந்த முறை வந்தது. வருட ஆரம்பத்தில் அமைச்சகமும் கம்பெனியும் இலக்கு எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், வருடக் கடைசியில் மிகச் சிறப்பு முதல் மோசம் வரை ஐந்து தரம். அதை வைத்துத்தான் அதிகாரிகளுக்குச் செயல்திறன் ஊதியம்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் இலக்கு வைக்கும் அதே அமைச்சகம் நடுவில் ஆட்டத்தையே மாற்றுகிறதே! 2022 ஏப்ரலுக்குப் பிறகு நெடுநாள் இந்தக் கம்பெனிகள் பெட்ரோல், டீசல் விலையை ஏற்றவில்லை. கச்சா எண்ணெய் உக்ரைன் போரில் எகிறியிருந்தது. ஐஓசி, பிபிசிஎல், ஹெச்பிசிஎல் மூன்றும் சேர்ந்து அந்த நிதியாண்டின் முதல் ஆறு மாதத்தில் 21,201 கோடி நஷ்டம். விலை நிர்ணயம் கம்பெனிகளின் சுதந்திரம் என்றுதான் எழுத்தில் இருக்கிறது. அப்படியானால் மூன்று போட்டிக் கம்பெனிகளும் ஒரே விலையில் மாதக்கணக்கில் நின்றது எந்த போர்டின் முடிவு? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நாற்காலிகளைத்தான் காலியாக வைத்திருக்கிறோம்.

ராமமூர்த்தி_இந்திராநகர்:
சேகர் சார், அந்த ஆறு மாதம் டீசல் லிட்டருக்கு இன்னும் பத்துப் பதினைந்து ரூபாய் ஏறியிருந்தால் கே.ஆர். மார்க்கெட்டில் தக்காளி என்ன விலைக்குப் போயிருக்கும்? பொதுத்துறை என்று ஒன்றை வைத்திருப்பதே இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான். அரசு 22,000 கோடி மானியமும் கொடுத்தது.

சேகர்_ஜாலஹள்ளி:
அந்த 22,000 கோடி சமையல் கேஸுக்கு. பெட்ரோல், டீசலுக்கு இல்லை.

விலையைப் பிடித்து வைப்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை சார். அரசு எழுத்தில் உத்தரவு போடட்டும், ஈட்டுத்தொகை இவ்வளவு என்று பட்ஜெட்டில் காட்டட்டும். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி கேட்கட்டும். குடியரசுத் தலைவர் பெயரில் உத்தரவு போட இந்தக் கம்பெனிகளின் சங்க விதிகளிலேயே, அதாவது கம்பெனியை நடத்தும் அடிப்படை விதிகளிலேயே, இடம் இருக்கிறது. அந்த வழியில் போனால் பொறுப்பு யாருடையது என்று ஊருக்குத் தெரியும். போனில் சொல்லிவிட்டு, போர்டு முடிவு என்று எழுதுவதால்தான் பிரச்சினை. கோல் இந்தியாவில் நிலக்கரியைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்று டிசிஐ என்ற லண்டன் முதலீட்டு நிறுவனம் 2012-ல் இயக்குநர்கள் மீதே வழக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? சொன்னவர் டெல்லியில் இருந்தார், கோர்ட் நோட்டீஸ் வந்தது போர்டில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு.

அந்தோணி_கேஜிஎஃப்:
எல்லோருக்கும் வணக்கம். கோலார் தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து தினமும் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஊர்க்காரர்கள் ஏன் அப்படி வருகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். பாரத் கோல்டு மைன்ஸ் மத்திய அரசு நிறுவனம். 2001 பிப்ரவரியோடு மூடினார்கள்.

மீனா மேடம் பங்குதாரருக்காகப் பேசுகிறார், ராமமூர்த்தி சார் அரசாங்கத்துக்காகப் பேசுகிறார். சுரங்கத்தில் இறங்கினவனுக்காக போர்டில் யார் பேசினார்? அந்த மேஜையில் எங்களுக்கு ஒரு நாற்காலி இருந்திருந்தால் சுரங்கம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. மூடப் போகிறார்கள் என்ற சேதி எங்களுக்குக் காலத்தோடு வந்திருக்கும். பிள்ளைகளின் படிப்பு, வீடு, கடன் என்று ஒவ்வொரு குடும்பமும் தன் ஏற்பாட்டைச் செய்திருக்கும்.

பொதுத்துறை வங்கிகளில் தொழிலாளர் பிரதிநிதிக்கு இயக்குநர் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. அதையே 2014-க்குப் பிறகு வருடக்கணக்கில் நிரப்பாமல் வைத்திருந்தார்கள். சட்டத்தில் இருக்கிற இடத்துக்கே இந்த நிலை என்றால், சட்டத்தில் இல்லாத இடத்தை யார் கொடுக்கப் போகிறார்கள்?

மீனா_அல்சூர்:
அந்தோணி அண்ணே, உங்கள் பேச்சோடு நான் மோதவில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கும் ஆளை அமைச்சகமே பொறுக்கினால் உங்களுக்கு என்ன லாபம்? இப்போது சுதந்திர இயக்குநர் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 2021-ல் ஓர் ஆங்கில நாளிதழ் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி எழுதியது: 98 நிறுவனங்களில் 172 சுதந்திர இயக்குநர்கள், அதில் 86 பேர் ஆளும் கட்சியோடு தொடர்புள்ளவர்கள்.

ராமமூர்த்தி_இந்திராநகர்:
அரசியலில் இருப்பவர் இயக்குநராகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முந்தைய ஆட்சிகளிலும் இது நடந்ததுதான். ஒரு மாவட்டத்தில் இருபது வருடம் மக்களோடு இருந்தவருக்கு, பெரிய நகரத்துச் சார்ட்டர்டு அக்கவுண்டண்டை விட நிலம் எடுப்பு, மறுகுடியமர்வு பற்றி அதிகம் தெரியும்.

சேகர் சார் கேட்கிற தனி அமைப்புக்கு வருவோம். அரசின் கம்பெனிப் பங்குகளை வைத்து நிர்வகிக்கும் சிங்கப்பூரின் டெமாசெக் முதலீட்டு நிறுவனத்தைச் சொல்வார்கள். 2014-ல் பி.ஜே. நாயக் குழுவும் அரசின் வங்கிப் பங்குகளை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொன்னது. சரி, 2013-ல் நெய்வேலியில் என்ன நடந்தது என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செபி விதிக்காக மத்திய அரசு என்எல்சி பங்கை விற்கப் போனது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், கடைசியில் தமிழ்நாடு அரசு நிறுவனங்களே 3.56 சதவீதத்தை வாங்கின. அங்கே டெமாசெக் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தால் நல்ல விலைக்குச் சந்தையில் விற்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கும். தொழிலாளி குரல் கேட்டது அமைச்சகத்துக்கு, ஏனென்றால் அமைச்சருக்கு ஓட்டு வேண்டும். அந்தோணிக்கும் அதுதான் ஒரே பிடி. அதை அறுத்துவிடாதீர்கள்.

அந்தோணி_கேஜிஎஃப்:
சார், நெய்வேலிக்குப் பின்னால் ஒரு மாநில அரசு நின்றது. எங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. கர்நாடகத்தில் தமிழ் பேசுகிற ஒரு சுரங்க ஊர் நாங்கள். ஓட்டுப் பிடி இருந்தும் மூடினார்களே. பலமுள்ளவனுக்கு மட்டும் கேட்கிற காதை நம்பி எப்படி உட்காருவது? அதனால்தான் எழுத்தில் ஒரு இடம் கேட்கிறோம், தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற இடம்.

சேகர்_ஜாலஹள்ளி:
அந்தோணி சொல்வதை ஏற்கிறேன், என் கோரிக்கையோடு அதையும் சேர்க்கிறேன். சிங்கப்பூரை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை ராமமூர்த்தி சார். விற்பதா வேண்டாமா என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும். யார் சேர்மன், யார் இயக்குநர் என்பதை மட்டும் தனி அமைப்பு முடிவு செய்யட்டும், குறித்த நாளுக்குள். அந்த நாள் தாண்டினால் அபராதம் அமைச்சகத்தின் பட்ஜெட்டிலிருந்து போகட்டும்.

கூடவே சேர்மனுக்கு ஐந்து வருடமாவது கொடுங்கள். இப்போது ஐந்து வருடம் அல்லது 60 வயது, எது முதலில் வருகிறதோ அது. 58-ல் வந்து உட்காருகிறவர் கம்பெனியைப் புரிந்துகொள்வதற்குள் வழியனுப்பு விழா வந்துவிடுகிறது. ஒரு புது விமானமோ ரேடாரோ உருவாக எத்தனை வருடம் ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

ராமமூர்த்தி_இந்திராநகர்:
அபராதத்தை அமைச்சகம் கட்டலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. பதவிக்காலம் கூட யோசிக்கலாம். ஆனால் நியமன அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடமிருந்து போகக் கூடாது. தனி அமைப்பில் உட்காருகிற ஐந்தாறு பேரை யார் நியமிப்பார்? அவர்கள் தவறு செய்தால் எந்தத் தேர்தலில் அவர்களைத் தோற்கடிப்பீர்கள்? இதற்கு இந்தத் திரியில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மீனா_அல்சூர்:
தேர்தலில் தோற்கடிக்க வேண்டாம் சார், காரணத்தை எழுதச் சொன்னால் போதும். இந்தப் பெயர் ஏன் வந்தது, வேறு யார் யார் பரிசீலனையில் இருந்தார்கள், போர்டில் இல்லாத எந்தத் திறமை இவரிடம் இருக்கிறது என்று பங்குதாரர் கூட்ட அறிவிப்பில் வரட்டும். மற்ற கம்பெனிகள் புது இயக்குநருக்கு மூன்று மாதத்துக்குள் பங்குதாரர் ஒப்புதல் வாங்க வேண்டும். பொதுத்துறைக்கு அடுத்த பொதுக்கூட்டம் வரை சலுகை. அந்தச் சலுகைக்குப் பதிலாக இந்த ஒரு பக்க விளக்கத்தைக் கேட்கிறேன்.

இந்த முறை வருடாந்திரக் கூட்டத்துக்கு நான் பேச்சாளராகப் பதிவு செய்யப் போகிறேன். சுதந்திர இயக்குநர் இடம் காலியாகும் தேதியை அமைச்சகத்துக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்று கேட்பேன். இங்கே பங்கு வைத்திருப்பவர்கள் அவரவர் கம்பெனியில் அதையே கேளுங்கள்.

அந்தோணி_கேஜிஎஃப்:
மேடம், இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலம் விற்பது, யூனிட் மூடுவது பற்றி அந்த வருடம் போர்டில் தீர்மானம் வந்ததா, வந்த அன்று மேஜையில் எத்தனை சுதந்திர இயக்குநர்கள் இருந்தார்கள். என்னிடம் பங்கு கிடையாது, என் சார்பாகவும் கேளுங்கள்.